இசைக் கேள்வி–பதில்: பாட்டுக்காரர் இல்லாமல் கிற்றார்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பாடகர் இல்லாமல் கிற்றாரே முன்னுக்கு நின்று மெட்டைச் சொல்லும் இசையைப் பற்றியவை. ஆகவே இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

சினிமாப் பாட்டு மெட்டுகளைக் கிற்றாரில் பிழையில்லாமல் வாசிப்பேன். சொந்தமாக ஒன்று செய்யப் போனால் ஸ்கேல் பயிற்சி மாதிரித்தான் வருகிறது. இரண்டு நிமிஷம் போனதும் எனக்கே அலுத்துவிடுகிறது. எங்கே பிழை?
— வாசகர், கொக்குவில்

இரண்டு இடத்தில் இருக்கலாம். கிற்றாரைக் கையில் வைத்துக்கொண்டு மெட்டுத் தேடினால் விரல் தனக்குப் பழகின தடத்திலேயே ஓடும். கிற்றாரைக் கீழே வையுங்கள். வாயால் முணுமுணுத்து, போனில் பதிவு செய்து, பிறகு அதைத் தந்தியில் தேடுங்கள். பாடும்போது மூச்சு வாங்க நிற்பீர்கள். கிற்றாருக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, அதனால்தான் உங்கள் வாசிப்பு நிற்காமல் போகிறது. பதிவில் மூச்சு எடுத்த ஒவ்வொரு இடத்திலும் வலது கையின் அடிப்பகுதியைத் தந்திகளின் மேல் வைத்து ஒலியை நிறுத்துங்கள். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்துவிடும்.

மற்றது அமைப்பு. சினிமாப் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கும் அதே மெட்டுத்தான், ஆனால் சொல் புதிது என்பதால் காது அலுப்பதில்லை. சொல்லை எடுத்துவிட்டால் அந்த உதவி போய்விடும். ஒரே மெட்டு மூன்றாம் தரம் அப்படியே வந்தால் கேட்பவர் எழும்பிப் போவார். ஆகவே திரும்பி வரும் ஒவ்வொரு தரமும் ஏதாவது ஒன்று மாறவேண்டும். மாறுவது ஒன்று மட்டும் என்பதும் முக்கியம்.

கணக்காகச் சொல்கிறோம். நிமிஷத்துக்கு 80 அடி, நாலு அடித் தாளம். 8 பார் (ஒரு பார் என்பது நாலடித் தாளச் சுற்று ஒன்று) என்றால் 32 அடி, அதாவது 24 செக்கன். இதை முதற்பகுதியாக வையுங்கள். அதையே ஒரு தரம் திருப்பி, கடைசி இரண்டு பாரை மட்டும் மாற்றி முடியுங்கள். பிறகு 8 பார் வேறு மெட்டு, முடிந்தால் ஸ்தாயி உயர்த்தி. பிறகு முதற்பகுதி மறுபடி. இவ்வளவும் 1 நிமிஷம் 36 செக்கன். இந்தச் சுற்று முழுவதையும் இன்னொரு தரம் வாசித்தால் 3 நிமிஷம் 12 செக்கன், போதிய நீளம். இரண்டாம் சுற்றில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம், அல்லது இரண்டு தந்தியில் சேர்த்து வாசிக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் வலது கையை இடம் மாற்றுங்கள்: ஒலித்துளைக்கு மேலே மீட்டினால் மெத்தென்று வரும், பிரிட்ஜுக்கு (தந்தி உடலில் மாட்டும் கட்டை) கிட்ட மீட்டினால் கூர்மையாக வரும்.

துணைக்குக் கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பதிவு செய்வதென்றால், கோர்ட்டின் மேல் சுரம் மெட்டுக்குக் கீழே இருக்கட்டும். மெட்டு 1ஆம், 2ஆம் தந்தியில் போகும்போது துணைக் கிற்றாரும் ஆறு தந்தியையும் அடித்தால் மெட்டு அமிழ்ந்துவிடும். பிறகு சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பீர்கள், அது தீராது. துணைக்கு 5, 4, 3 போதும்.

வாய்ப்பாட்டு கற்றவள். மோகனத்தில் ஒரு சிறு உருப்படி கிற்றாருக்குச் செய்ய ஆசை. ஆனால் கமகம் வைத்தால் பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) தடுக்கிறது, கீபோட் வாசித்த மாதிரி இருக்கிறது. பிரெட் இல்லாத கிற்றார் வாங்கவேண்டுமா?
— வாசகி, இணுவில்

வேண்டாம். வீணைக்கும் 24 பிரெட் (அங்கே மெட்டு என்பார்கள்) உண்டு, கமகம் வரவில்லையா? தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதுதான் அங்கே வழி, இங்கேயும் அதுதான். மண்டலின் சிறிநிவாஸ் பிரெட் உள்ள எலெக்ட்ரிக் மண்டலினிலேயே கர்நாடக இசையைக் கொண்டுவந்தார்.

முதலில் சுருதி. 6ஆம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும், 2ஆம் தந்தியை பி-யிலிருந்து ஏ-க்கும், 1ஆம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மூன்றும் தளர்வதால் அறுந்துபோகுமென்ற பயம் இல்லை. இப்போது 6, 5, 4 ஆகிய மூன்றும் ஸ–ப–ஸ. பெருவிரலால் அவற்றை மெல்ல மீட்டிக்கொண்டிருந்தால் தம்புராத் துணை கையிலேயே இருக்கும். இது 2 கட்டைச் சுருதி. உங்கள் குரல் 5 கட்டை என்றால் 5ஆம் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள், கீழே சொல்லும் எண்களைக் கேப்போவிலிருந்து எண்ணுங்கள்.

மோகனம் முழுவதையும் 1ஆம் தந்தியில் மட்டும் வாசித்துப் பழகுங்கள்: ஸ திறந்த தந்தி, ரி 2ஆம் பிரெட், க 4, ப 7, த 9, மேல் ஸ 12. தந்திக்குத் தந்தி தாவினால் விரலுக்கு வேலை குறையும், ஆனால் ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கிப் போகும் பாதை அறுந்துவிடும். கீபோட் போலக் கேட்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஜாரு என்னும் வழுக்கலுக்கு விரலை அழுத்தியபடியே 4இலிருந்து 7க்கு நகர்த்துங்கள். அழுத்தத்தை நடுவில் தளர்த்தினால் ஒலி செத்துப்போகும்.

அசைவுக்கு இழுப்பு. மோதிர விரல் இழுக்க, நடுவிரலும் சுட்டுவிரலும் அதே தந்தியில் பின்னால் நின்று சேர்ந்து தள்ளவேண்டும். ஒற்றை விரலால் இழுத்தால் சுருதி எட்டாது, விரலும் நோகும். பயிற்சி இப்படி: 4ஆம் பிரெட்டில் காந்தாரத்தை வாசித்துக் காதில் வாங்குங்கள். பிறகு 2ஆம் பிரெட்டில் ரிஷபத்தை வைத்து அதே காந்தாரம் வரும்வரை இழுங்கள். ரியூனரில் சரி பாருங்கள். பெரும்பாலோர் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துவார்கள்.

இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது. மேலிருந்து கீழே வரும் அசைவுக்கு, ஒலியெழுப்பாமல் முதலே இழுத்து வைத்து, மீட்டிய பிறகு தளர்த்தவேண்டும். தோடிக் காந்தாரம் போன்ற அகன்ற அசைவைத் தனி இழுப்பால் அக்குஸ்டிக் கிற்றாரில் எட்டுவது கடினம். பாதியை வழுக்கி, மீதியை இழுத்து எடுங்கள். மோகனத்தோடு தொடங்குவது நல்ல முடிவு.

இன்னொரு சிக்கல் நல்ல காதுக்குத்தான் தெரியும். பிரெட்டில் வரும் அந்தர காந்தாரம் (மோகனத்தின் க), தம்புராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரம். நீண்டு நிற்கும் இடங்களில் அது கரகரக்கும். அங்கே 3ஆம் பிரெட்டில் வைத்து, காது ஒத்துக்கொள்ளும்வரை மட்டும் இழுத்து நிறுத்துங்கள்.

தந்தி பற்றி: அக்குஸ்டிக்குக்கு வழமையாக வரும் 12–53 செற் (எண்கள் முதல், கடைசித் தந்திகளின் தடிப்பு) இழுப்புக்குப் பாறை. 10–47 போடுங்கள். எலெக்ட்ரிக் என்றால் 9–42. அதில் 3ஆம் தந்தி சுற்றில்லாத வெறும் கம்பி என்பதால் நன்றாக இழுபடும். 1970களில் சக்தி குழுவில் ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாஃப்லின் பிரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்தெடுத்த கிற்றாரை வாசித்தார். அதைப் பார்த்து உளி எடுக்காதீர்கள். குடைந்த மரத்தைத் திரும்ப ஒட்டமுடியாது.

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய கிற்றார். வந்தபோது பஞ்சு மாதிரி இருந்தது. மாரி முடிய, தந்தி மேலே எழும்பி 12ஆம் பிரெட்டில் அழுத்தவே முடியவில்லை. தந்தி இரண்டு கிழமையில் துருவும் பிடிக்கிறது.
— வாசகர், பருத்தித்துறை

தம்பி, கிற்றார் பழுதாகவில்லை. ஹீற்றர் போட்ட வீட்டில் காய்ந்திருந்த மரம் இங்கே ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. மேற்பலகை வயிறு தள்ள, பிரிட்ஜ் உயர்கிறது, கூடவே தந்தியும் உயர்கிறது.

முதலில் கழுத்தைப் பாருங்கள். 1ஆம் பிரெட்டில் கேப்போ போட்டு, கழுத்து உடலோடு சேரும் பிரெட்டில் 6ஆம் தந்தியை அழுத்துங்கள். 7ஆம் பிரெட்டடியில் தந்திக்கும் பிரெட்டுக்கும் இடைவெளி 0.25 மி.மீ. அளவில் இருக்கவேண்டும், ஒரு விசிற்றிங் காட் தந்தியைத் தொட்டுத் தொடாமல் போகும் அளவு. கூடுதலாக இருந்தால் அலன் கீயால் கழுத்துக்குள் ஓடும் கம்பியை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் பலவந்தம் பண்ணவேண்டாம். அந்தக் கம்பி முறிந்தால் திருத்தும் செலவு கிற்றாரின் விலையைத் தொடும்.

கழுத்துச் சரியென்றால் சாடில், அதாவது பிரிட்ஜின் மேல் தந்தியைத் தாங்கும் சின்னத் துண்டு. 12ஆம் பிரெட்டில் தந்தியின் உயரம் 6ஆவதுக்கு 2.5, 1ஆவதுக்கு 2 மி.மீ. வந்தால் நல்லது. 12ஆம் பிரெட் தந்தியின் நடுப்புள்ளி. ஆகவே அங்கே 0.5 மி.மீ. குறைய, சாடிலில் 1 மி.மீ. எடுக்கவேண்டும். தந்தியைத் தளர்த்தி, சாடிலைக் கழற்றி, பென்சிலால் கோடிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் 120ஆம் நம்பர் அரத்தாள் விரித்து அடிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள். அடி கோணினால் சில தந்திகள் ஊமையாகிவிடும், பிக்கப் (தந்தியொலியை மின்னாக்கும் கருவி) உள்ள கிற்றாரில் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். பழைய சாடிலைத் தொடாமல் எடுத்து வைத்து, புதிது ஒன்றில் தேய்ப்பது புத்தி. கோடையில் மரம் காய்ந்து தந்தி இறங்கினால் பழையது தேவைப்படும்.

துருவுக்குக் காரணம் உங்கள் கடற்காற்றின் உப்பும் கை வியர்வையும். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடையுங்கள். பூச்சுப் பூசிய தந்தி விலை கூட, ஆனால் உங்கள் ஊருக்கு அதுதான் கட்டும். சுவரில் மாட்டிவைக்காமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி யாராவது வருவார்கள். அது சிக்குப் பிடித்து நாறும்.

வீட்டிலேயே பதிவு செய்கிறேன். எலெக்ட்ரிக் கிற்றாரைச் செருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அக்குஸ்டிக்கை மைக்கில் எடுத்தால் குடத்துக்குள் வாசித்த மாதிரி.
— வாசகர், நல்லூர்

அந்த 'ம்ம்ம்' எங்கள் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ். தந்தியைத் தொட்டதும் குறைகிறதா? அப்படியானால் கிற்றாருக்குள் மின்னிரைச்சலைத் தடுக்கும் கவசம் போதாது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறதா? அப்படியானால் நிலத்தொடுப்பில் பிரச்சினை. பற்றரியில் ஓடவிட்டே பதிவு செய்யுங்கள், வயரிங்கை மின்சாரவேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். இரைச்சல் போகிறதென்று பிளக்கின் மூன்றாவது கம்பியை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாட்டு அது. 'ம்ம்ம்' அல்லாமல் 'ஸ்ர்ர்' என்று கேட்டால் மின்விசிறி ரெகுலேற்றரையோ டிம்மரையோ நிறுத்திப் பாருங்கள். நீங்கள் இருக்கும் திசையை மாற்றினாலும் ஒற்றைக் கொயில் பிக்கப்பில் இரைச்சல் கூடிக் குறையும்.

மைக் ஒலித்துளையை நேரே பார்க்கிறது போலும். அங்கேதான் குடச் சத்தம். 12ஆம் பிரெட்டுக்கு எதிரே 25 செ.மீ. தள்ளி, சற்றே உடல் பக்கம் திருப்பி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் சேலை நிறைந்த அலுமாரியைத் திறந்துவிட்டால் அறையின் எதிரொலி அடங்கும். 24 பிற்றில், மிகப் பலமாக அடிக்கும் இடமும் −10 டெசிபெல்லைத் தாண்டாமல் எடுங்கள். நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் 25 நாளும் ஒலிபெருக்கி. அந்த நாட்களில் மைக்கை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் பகுதிகளை நேர்க் கேபிளில் முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கிற்றார் பழையதாக வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?
— வாசகி, சாவகச்சேரி

12ஆம் பிரெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு வரும் மணியொலியும், அதே பிரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கவேண்டும். எல்லாப் பிரெட்டிலும் ஒவ்வொரு சுரமாக வாசித்து 'ஜிர்' என்கிறதா பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் கடதாசி நுழைந்தால் அது கழன்றுகொண்டிருக்கிறது, வேண்டாம். ஒட்டுப்பலகை மேற்பலகையைக் குறைவாக நினைக்காதீர்கள். எங்கள் ஈரத்துக்கு அதுதான் தாங்கும்.

பழைய சினிமாப் பாட்டைச் சொல் இல்லாமல் கிற்றாரில் வாசித்து வெளியிட்டால் உரிமைப் பிரச்சினை வருமா? என்னுடைய சொந்த மெட்டை எங்காவது பதியவேண்டுமா?
— வாசகர், சுண்டுக்குளி

வரும். சொல்லை எடுத்தாலும் மெட்டு இசையமைப்பாளருடையதே. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப்பின் 70 ஆண்டும். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. ஆனால் வேறொருவர் செய்த வாத்திய அமைப்பைப் பிரதி பண்ணக்கூடாது.

சொந்த மெட்டுக்கு உரிமை ஆக்கியபோதே வந்துவிடும், பதிவு தேவையில்லை. திகதியோடு கூடிய முதற்பதிவுக் கோப்புகளை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். விநியோக நிறுவனத்துக்குக் கொடுக்கும் கோப்பு 24 பிற் வேவ் ஆக, சராசரிச் சத்தம் −14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவில், உச்சம் −1 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும். படிவத்தில் மொழி கேட்குமிடத்தில் 'வாத்திய இசை' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இலவசமாகக் கிடைத்த தாள லூப்பைக் கீழே போட்டிருந்தால் கவனம்: அதே லூப்பை வேறொருவர் தன் பெயரில் பதிந்திருந்தால், யூரியூப் உங்கள் பாட்டை அவருடையதென்று கணக்கெடுத்துவிடும். ஒரு தபேலாக்காரரையோ மிருதங்கக்காரரையோ பிடித்து, சம்மதக் கடிதமும் வாங்கிப் பதிவு செய்தால் அந்தத் தலையிடி இல்லை.