எபாக்சி தாங்கியில் மேற்பரப்புப் பொறி: தடிமன் கூட்டியும் நிற்கவில்லை

மின்முனையைத் தாங்கும் எபாக்சி (மின்காப்புப் பிசின்) துண்டின் மேல் பொறி பாய்கிறது, தடிமனைக் கூட்டியும் நிற்கவில்லை என்கிறீர்கள். தடிமன் இதற்கு மருந்தல்ல. 10 மில்லிமீட்டரை 20 ஆக்கியும் அதே 15 கிலோவோல்ட்டில் பொறி பாய்கிறதென்றால், அது எபாக்சிக்குள் போகவில்லை, மேலே தவழ்ந்து போகிறது. நீட்ட வேண்டியது அந்தத் தவழும் பாதையை. பாதைக்குக் குறுக்கே வரம்புகள் (மேடான வரிகள்) இருக்கும்படி எபாக்சியை வார்த்தெடுங்கள்.

பெரும்பாலும் வினை தொடங்குவது உலோகம், எபாக்சி, காற்று மூன்றும் கூடும் விளிம்பில். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் மின்புலம் குவியும். மின்முனையின் கூர்விளிம்பை மழுக்கி உருட்சியாக்கிவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை: மின்சாரத்தை நிறுத்தி, நிலத்தோடு இணைத்து மின்னேற்றத்தை வடித்தபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர்த்தி மின்னழுத்தத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். தாங்கும் அளவு கூடினால் குற்றவாளி ஈரமும் அழுக்கும்தான். சிலிக்கோன் ரப்பர் பூச்சு உதவும், நீரை ஒட்டவிடாது.

ஆனால் கரிக்கோடு (பொறி கருக்கிய, மின்சாரத்தைக் கடத்தும் தடம்) விழுந்திருந்தால் பூசாதீர்கள், கடத்தியை மூடிவைத்த கதையாகும். அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.