கேள்வி யாருக்கு, மிஸி?
வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதி பயிற்சித் தாதியரைப் பற்றியவை. மீதி, பயிற்சித் தாதியரே எழுதியவை. இரு தரப்பும் ஒரே வார்டைத்தான் பேசுகின்றன என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறோம்.

தாதிமை டிப்ளோமா இரண்டாம் ஆண்டு மாணவி நான். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய மனப்பான்மையை அளக்கும் தாள் ஒன்றை வகுப்பில் கொடுத்தார்கள். 120-க்கு 58 வாங்கினேன். அவர்களைப் பார்த்தாலே எனக்குக் கண் கலங்கிவிடும். நான் இரக்கமில்லாதவள் என்றா அந்தத் தாள் சொல்கிறது?
– மாணவி, சுங்கை சிப்புட்

இரக்கம் கூடிப்போனதால்தான் பெரும்பாலும் மதிப்பெண் குறைந்திருக்கும். 120 என்கிறீர்கள், அப்படியானால் அது யூக்கர் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1960-இல் வெளியிட்ட அளவுகோலின் 20 கூற்றுகள் கொண்ட படிவமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் முழுக்க ஒப்புக்கொண்டால் +3, முழுக்க மறுத்தால் –3. நடுவில் சுழியம் கிடையாது. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகளை வேறுபடுத்திப் பேசும் கூற்றுகளுக்கு மட்டும் குறியைத் திருப்பிப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, 60 சேர்த்தால் 0 முதல் 120-க்குள் ஓர் எண் வரும். மாற்றுத்திறனாளியை நம்மைப் போன்ற ஆளாக எந்த அளவுக்குப் பார்க்கிறீர்கள் என்பதுதான் அந்த எண். அவர்களிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது, அவர்கள் தங்களை நினைத்தே வருந்துவார்கள் என்ற பொருளில் வரும் கூற்றுகளை நல்ல மனதோடு ஒப்புக்கொண்டு வந்தால் எண் சரசரவென்று இறங்கும். 'ஐயோ பாவம்' என்பதற்கு இந்தத் தாளில் மதிப்பெண் இல்லை.

தாளையும் முழுக்க நம்ப வேண்டாம். எந்தப் பதிலுக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். 110 வாங்கியவரே வார்டில் நோயாளியை விட்டுவிட்டு, கூட வந்த அக்காவிடம் பேசுவார். அதைவிட நேர்மையான அளவுகோல் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் குறிப்பு நோட்டு. ஒரு ஷிப்ட் முழுவதும் மூன்றை மட்டும் குறித்து வாருங்கள்: முதல் கேள்வியை யாரிடம் கேட்டீர்கள், தொடுவதற்கு முன் சொன்னீர்களா, வலி என்று அவர் சொன்னபோது என்ன காரணம் எழுதினீர்கள். ஒரு வாரம் போதும், உங்கள் மனப்பான்மை தெரிந்துவிடும்.

கண் கலங்குவதைப் பற்றி ஒன்று. கட்டிலருகே நீங்கள் அழுதால், ஆறுதல் சொல்லும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. அவருக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.

என் மகனுக்கு 24 வயது, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை). வார்டில் சேர்த்தால் பயிற்சித் தாதியர் எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறார்கள். அவனைப் 'பாப்பா' என்கிறார்கள். சண்டை போடாமல் எப்படிச் சொல்வது?
– தாயார், லிந்தாங்

எழுதிக் கொடுங்கள் அம்மா. வாயால் சொன்னது அடுத்த ஷிப்டுக்குப் போகாது. ஒரே பக்கம், மலாயிலும் தமிழிலும். முதல் வரியில் அவர் வயதும் எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்பதும். அடுத்து, 'ஆம்', 'இல்லை' இரண்டையும் எப்படிக் காட்டுவார், வலித்தால் என்ன செய்வார், வலிப்பு உண்டா, சாப்பாடு எந்தப் பதத்தில், எந்த நிலையில். நான்கு பிரதி எடுங்கள். கட்டில் தலைமாட்டில் ஒட்டியது, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது கூடவே போவதில்லை. அதனால் ஒன்று கோப்பில், ஒன்று அவர் பையில், ஒன்று உங்களிடம்.

இனி தாதியருக்கு. செரிப்ரல் பால்சியில் நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காததால் பேச்சு குழறலாம். அதை வைத்து அறிவை எடை போடாதீர்கள்; இந்த நிலை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவுத்திறனில் குறை இல்லை. நாற்காலி இழுத்து அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றிலேயே பொறுமை போய் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. 'தண்ணி வேணுமா, மைலோ வேணுமா?' என்று சேர்த்துக் கேட்டால், தலையசைவால் மட்டும் பதில் சொல்பவர் என்ன செய்வார்? 'தண்ணி வேணுமா?' என்று கேட்டு நிறுத்துங்கள். புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். அவருக்கு அது உடனே தெரிந்துவிடும். 'புரியல, இன்னொரு தடவை' என்பதில் ஒரு குறைவும் இல்லை.

ஊட்டும்போதும் உட்கார்ந்தே ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் கரண்டியைப் பார்க்க அவர் முகத்தை மேலே தூக்குவார். மோவாய் உயர்ந்தால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போக வழி எளிதாகிவிடும். இடுப்பு முடிந்தவரை 90 பாகையில், மோவாய் சற்றே கீழ் நோக்கி, தேக்கரண்டியில் பாதி. விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இருமல் வந்தாலோ, குரல் தண்ணீர் கலந்ததுபோல் ஈரமாகக் கேட்டாலோ நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் 30 நிமிடம் சாய்க்காதீர்கள். டிராலி காத்திருக்கிறது என்று அவசரப்பட்டு ஊட்டிய ஒரு கிண்ணக் கஞ்சி, மூன்றாம் நாள் நிமோனியாவாக வரலாம்.

லாரி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு 9 ஆண்டு ஆகிறது; டி4 மட்டம் (மார்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது). போன மாதம் ஒரு வார்டில் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலி, முகமெல்லாம் வியர்வை. பயிற்சித் தாதி 140/85 என்று பார்த்துவிட்டு, 'பிரஷர் பரவாயில்லை, கவலைப்படாமல் படுங்கள்' என்று படுக்கவைத்தார். அது சரியா?
– வாசகர், சுங்கை சிப்புட்

சரியில்லை, ஆபத்தும்கூட. நீங்கள் சொல்வது அட்டானமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா போலவே இருக்கிறது. டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வருவது. அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, அடுத்தபடி கட்டிப்போன மலம். சில சமயம் கால் நகம் உள்ளே வளர்ந்திருப்பதோ, இறுக்கமான காலுறையோகூடப் போதும். உறுத்தல் மூளையை எட்டாது, ஆனால் கீழுள்ள ரத்தக்குழாய்களெல்லாம் சுருங்கிவிடும். ரத்த அழுத்தம் ஏறும். அதை இறக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போகாது. மேலே வியர்வையும் முகச்சிவப்பும், கீழே வெளிறிய, புல்லரித்த தோல். நாடி பல சமயம் மெதுவாகும்.

அந்த மாணவி ஏமாந்தது 140 என்ற எண்ணில்தான். மேல்மட்டத்தில் அடிபட்டவர்களின் மேல் அழுத்தம் வழக்கமாகவே 90 முதல் 110-க்குள் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 ஏறினாலே எச்சரிக்கை. 100 உள்ளவருக்கு 140 என்பது பாடப்புத்தகத்து 140 இல்லை. அதனால் வார்டில் சேர்ந்ததும் உங்கள் வழக்கமான அளவைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, முடிந்தால் கால்களைத் தொங்கவிடுங்கள், படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட், காலணி, சிறுநீர்ப் பையின் கால்பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே முழு நீளத்துக்கும் பாருங்கள். தொடைக்கடியில் மடங்கியிருப்பதும், பை நிரம்பி வழி அடைபட்டிருப்பதும்தான் அடிக்கடி கிடைக்கும் காரணம். அடைப்பு என்றால் ஸ்டாஃப் நர்ஸ் உடல் சூட்டிலுள்ள உப்புநீர் 10 முதல் 15 மில்லி விட்டுப் பார்ப்பார், விலகாவிட்டால் குழாயை மாற்றுவார். சிறுநீர்ப்பை இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்ப்பதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். அமுக்கினால் இன்னும் ஏறும். மலம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் தடவிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். இதற்கிடையே 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்; 150-க்கு மேலேயே நின்றால் மருந்து தேவைப்படும். இறங்கிய பிறகும் குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பு.

இது அறிவுக்குறை, இதில் மனப்பான்மை எங்கே வந்தது என்று கேட்கலாம். ஒன்பது ஆண்டு அந்த உடம்போடு வாழ்பவர் தலை வெடிக்கிறது என்றபோது, 'கவலைப்படாமல் படுங்கள்' என்று சொன்ன இடத்தில் வந்தது. எல்லா நோவையும் ஊனத்தின் கணக்கிலோ மனக்கவலையின் கணக்கிலோ எழுதிவிடுவது மருத்துவமனைகளில் ஊறிப்போன பழக்கம்.

மாணவர்களுக்குக் கண்ணைக் கட்டியும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தும் ஒரு நாள் பயிற்சி நடத்தினோம். பலர் அழுதுவிட்டார்கள். பலன் இருக்குமா?
– பயிற்றுநர்

இரக்கம் ஏறியிருக்கும், அதோடு பயமும். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படி நடித்துப் பார்த்தவர்களுக்குக் கனிவு கூடியதோடு, உதவியற்ற உணர்வும் சங்கடமும் கூடின. மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனநிலை மேம்படவில்லை. காரணம் எளிது. கண்ணைக் கட்டிய ஒரு மணி நேரம், பார்வை போன முதல் ஒரு மணி நேரத்தைத்தான் காட்டும். இருபது ஆண்டுப் பழக்கத்தில் கைத்தடியோடு தனியாகப் பஸ் ஏறிப் போகிறவரின் திறமை அதில் தெரியாது.

வார்டுப் போஸ்டிங்கும் தானாக மனதை மாற்றாது. பழக்கத்தால் மனச்சாய்வு குறைய, இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதிவிட்டார். வார்டில் ஒருவர் சீருடையில் நிற்கிறார், மற்றவர் ஆஸ்பத்திரி உடுப்பில் படுத்திருக்கிறார். சமநிலை எங்கிருந்து வரும்? அதனால் பிடிகே (PDK, சமூக அடிப்படையிலான மறுவாழ்வு) நிலையங்களுக்குக் கூட்டிப் போங்கள். சமூகநல இலாகாவின் கீழ் 1984 முதல் நடக்கும் திட்டம் அது. ஒரே முறை போய், அன்பளிப்புப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்து வருவதென்றால் போகாமலே இருக்கலாம். நான்கு முறையாவது, அதே மாணவர், அதே ஆட்களோடு. சக்கர நாற்காலிக்காரரையே ஆசிரியராக வையுங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையே அவர் கற்றுக்கொடுக்கட்டும்: பலமான பக்கத்தில், கட்டிலோடு 30 முதல் 45 பாகையில் நாற்காலி, இரு பிரேக்கும் போட்டு, கால்தட்டுகளை மடக்கி, கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி. அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. வாதம் வந்தவரின் தோள் இறங்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது அவர். மாணவர் எண்ணினால் அவர் தூக்கப்படுகிறார். அவர் எண்ணினால் அவர் எழுகிறார்.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?
– வாசகி, கோலகங்சார்

'மாற்றுத்திறனாளி' போதும். பேச்சில் 'ஓகேயு' என்கிறோம். 'ஓராங் குராங் உபாயா' (Orang Kurang Upaya) என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் அவையே, தவறில்லை. 'ஊமை', 'நொண்டி' கூடாது என்று தெரிந்தவர்களும் ஷிப்ட் மாறும்போது 'அந்த ஸ்ட்ரோக், மூணாம் கட்டில்' என்கிறார்கள். அதையும் விடுங்கள்.

அப்பாவுக்குப் பார்வை இல்லை. வார்டில் சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமலே திரும்பிப் போகிறது.
– மகள், சுங்கை சிப்புட்

தட்டு வந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. வைப்பவர் தன் பெயரைச் சொல்லி, கடிகார முள்ளை வைத்துச் சொல்ல வேண்டும்: 'சோறு 6 மணியில, மீன் 12-ல, சூடான தண்ணி வலது கைப்பக்கம்.' போகும்போது 'போறேன்' என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெறும் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். நடத்திப் போகும்போது அவரைத் தள்ளக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள்.

பாட்டி தோட்டத்திலேயே வளர்ந்தவர், தமிழ் மட்டுமே தெரியும். ஸ்ட்ரோக் வந்தபின் 'புரிந்துகொள்ளும் திறன் இல்லை' என்று எழுதிவிட்டார்கள்.
– பேத்தி, தாதிமை மாணவி

எந்த மொழியில் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். மலாயில் கேட்டு எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு மூளையைப் பற்றியதாக இருக்காது. நீங்களே தமிழில் சோதித்துப் பாருங்கள், சைகை காட்டாமல். கையால் கதவைக் காட்டிக்கொண்டே 'கதவைப் பாருங்க' என்றால், அவர் கையைத்தான் பின்தொடர்வார். 'கண்ணை மூடுங்க பாட்டி' என்று ஓர் ஏவல். பிறகு 'கூரையைக் காட்டிட்டுக் கண்ணை மூடுங்க' என்று ஈரேவல். அடுத்து ஆம்–இல்லைக் கேள்விகள், பொய்யும் மெய்யுமாகக் கலந்து: 'நீங்க ஆம்பளையா?', 'பால் மரம் வெட்டினீங்களா?', 'இது பள்ளிக்கூடமா?' எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் புரிதலில் சிக்கல் இருக்கிறது. ஆண் என்றதற்கு முறைத்தால், புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. தேதியும் நேரமும் போட்டு, தமிழில் கேட்டது என்று தெளிவாக எழுதி ஸ்டாஃப் நர்ஸிடம் கொடுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லியும் கேளுங்கள்.