கோடை விடுமுறையில் சபையே காலியாகிவிடுகிறது. அந்த நாட்களை ஆவிக்குரிய புதுப்பித்தலுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

12 வருடம் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். என் பதில்: முதலில் நிகழ்ச்சிகளைக் குறையுங்கள்.

கோடை வந்தாலே எங்கள் சபையில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும், பாடகர் குழுவில் ஆள் இருக்காது, காணிக்கை குறையும். அதை ஈடுகட்ட வாலிபர் முகாம், உபவாச ஜெபம், விடுமுறை வேதாகமப் பள்ளி என்று வரிசையாக வைப்போம். ஒரு வருடம் வேதாகமப் பள்ளியின் கடைசி நாள். பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்காக மட்டும் வேதத்தைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று பின்வரிசையில் உட்கார்ந்து யோசித்தேன். பாடம் தயாரிக்கத் திறந்ததுதான் நினைவுக்கு வந்தது. அழுதுவிட்டேன்.

அந்த வாரம் எரேமியா 17-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். கர்த்தரை நம்புகிறவன் தண்ணீரண்டையில் நடப்பட்ட மரம் என்கிற பகுதி. அந்த மரத்துக்கும் வெயில் உண்டு, மழை தவறிய வருடமும் உண்டு. வேர் கால்வாயோரமாகப் போயிருப்பதால் இலை பச்சையாக இருக்கிறது. வேர் போவதை யாரும் பார்ப்பதில்லை, சபை அறிவிப்பில் வாசிக்கவும் முடியாது. 32-ஆம் சங்கீதத்தில் தாவீது தன் சாரம் கோடை வறட்சிபோல் வறண்டதாகச் சொல்கிறார். பாவத்தை அறிக்கையிடாமல் அடக்கிவைத்திருந்த நாட்கள் அவை. கர்த்தரிடம் மறைக்காமல் சொன்ன பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. என் வறட்சிக்கும் இன்னொரு கூட்டம் மருந்தில்லை என்று அப்போது புரிந்தது.

அடுத்த வருடம் போதகரிடம் பேசி, ஞாயிறு ஆராதனை போக வாரத்தில் ஒரே ஒரு மாலை மட்டும் வைத்துக்கொண்டோம். 120 முதல் 134 வரை உள்ள 15 ஆரோகண சங்கீதங்கள், மாலைக்கு இரண்டு. ஒருவர் நிதானமாக வாசிப்பார், பத்து நிமிடம் மௌனம், பிறகு ஜெபம். பிரசங்கம் கிடையாது. முதல் நாள் வந்தது எட்டுப் பேர். மௌனம் எல்லோரையும் நெளியவைத்தது. மூன்றாவது வாரம், அந்தப் பத்து நிமிடம் போதவில்லை என்று ஒரு ஐயா சொன்னார். எருசலேமுக்குப் பயணம் போனவர்கள் வழியில் பாடியவை என்று இந்தச் சங்கீதங்களைப் பற்றிச் சொல்வதுண்டு. அதனால் ஊருக்குப் போகும் குடும்பங்களிடமும் அதே பட்டியலைக் கொடுத்தனுப்பினோம். பகலில் வெயிலும் உன்னைச் சேதப்படுத்தாது என்கிற 121-ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகள் மனப்பாடமே செய்துவிட்டு வந்தார்கள்.

வேதாகமப் பள்ளியை விட்டுவிடச் சொல்லவில்லை. 1898-ல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, கோடையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பீர் விடுதியின் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தியது இதன் ஆரம்பங்களில் ஒன்று. கவனிப்பார் இல்லாத பிள்ளைகளை அவர் தேடிப் போனார். நாங்கள் நாட்களைக் குறைத்து, சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைகளை அழைத்தோம். ஆசிரியர்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம்.

திட்டமிட்ட ஓய்வு கலைந்தால் சோர்ந்துபோகாதீர்கள். மாற்கு 6-ல் சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை இயேசு தனியே இளைப்பாற அழைக்கிறார். படகு கரை சேர்வதற்குள் ஜனங்கள் அங்கே ஓடிவந்துவிடுகிறார்கள். அவர் மனதுருகிப் போதிக்கிறார், போஜனமும் கொடுக்கிறார். ஆனால் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலைக்குப் போகிறார். அந்த நேரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. விடுமுறைக்கு எங்கேயும் போக முடியாதவர்களை எண்ணிப் பாருங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், தனியாக வாழும் விதவைகள். எங்கள் சபையில் ஒரு அம்மாவைப் பார்க்க மாலைக் கூட்டம் முடிந்து நான்கு பேர் போனோம். கோடையில் தன் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்றார். அடுத்த வாரம் முதல் கூட்டத்தையே அவர் வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிட்டோம்.