கொழுந்தனார் ஓட்டும் காருக்கு என் ஓய்வுக்காலப் பணத்தில் கண்ணாடி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. திருமணமாகி திருநெல்வேலியிலிருந்து டர்பன் வந்தேன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, வருட வருமானம் சுமார் 4,56,000 ராண்ட். என் கொழுந்தனாருக்கு கிரெடிட் ரெக்கார்ட் சரியில்லாததால், மூன்று வருடத்துக்கு முன் ஒரு செகண்ட் ஹேண்ட் மெர்சிடீஸை என் பெயரில் ஃபைனான்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கடன் 4,80,000 ராண்ட், 72 மாதம், வட்டி 12.5 சதவீதம், கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய பலூன் தொகை 30 சதவீதம். மாதத் தவணையை அவர் கட்டிவிடுகிறார். இன்சூரன்ஸ் என் பெயரில்தான். பிரீமியம் குறையும் என்று ஓட்டுபவரும் நானே என்று போட்டிருக்கிறது. சில வாரங்களுக்கு முன் என்3 நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடியில் சின்னப் பொட்டு விழுந்தது. இப்போது அது விளிம்பு வரை விரிசலாக ஓடிவிட்டது. டீலர் 46,000 கேட்கிறார். ஒரு கண்ணாடிக் கடை, கேமராவின் கோணத்தைச் சரியாக அமைக்கும் காலிபரேஷன் சேர்த்து 24,000 என்கிறது. வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிற ஒருவர் 9,500 என்கிறார். "கிளெய்ம் போடாதீங்க அண்ணி, நோ-கிளெய்ம் போனஸ் போயிடும். உங்க சேவிங்ஸ் பாட்ல இருந்து எடுங்க, டிசம்பருக்குள்ள தந்துடறேன்" என்கிறார் கொழுந்தனார். சேவிங்ஸ் பாட் என்பது என் ஓய்வுக்கால ஃபண்டில் முன்பே எடுக்கக்கூடிய பகுதி. 2024-ல் டயருக்கு 18,000, போன வருடம் பிரேக்குக்கு 20,000 அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், இரண்டும் திரும்பவில்லை. கணவர் தம்பியிடம் முகம் முறிக்கத் தயங்குகிறார். இதற்கிடையில் மாதம் 389 ராண்டுக்குக் கண்ணாடி, டயர், ரிம் மூன்றுக்கும் ஒரு பிளான் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீலர் போன் மேல் போன் போடுகிறார். எந்த விலைக்குப் போகட்டும்?

பதில்: மூன்று விலையில் எது சரி என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன், ஓட்டுபவர் நீங்கள் என்று இன்சூரன்ஸில் போட்டிருப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இங்கே பிரீமியம் கணக்கிடுவதே வழக்கமாக யார் ஓட்டுகிறார் என்பதை வைத்துத்தான். வயது, லைசென்ஸ் எடுத்த வருடம், முந்தைய கிளெய்ம்கள், கார் இரவில் எங்கே நிற்கிறது, எல்லாம் அந்த ஆளைப் பொறுத்தவை. அந்த இடத்தில் வேறு பெயர் இருந்தால், உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க கம்பெனிக்கு வழி கிடைக்கும். கிளெய்ம் போட்டால் கேட்கும் முதல் கேள்விகள் என்ன? எங்கே நடந்தது, அப்போது யார் ஓட்டினார். உங்கள் கொழுந்தனார் வேண்டுமென்றே தடுக்கிறார் என்று நான் சொல்லவில்லை. போனஸ் போய்விடும் என்று நிஜமாகவே நம்பலாம். ஆனால் கண்ணாடிக் கிளெய்முக்குப் பல பாலிசிகளில் தனியாகக் குறைந்த எக்ஸெஸ், அதாவது நாம் கையிலிருந்து கட்டும் பங்கு, இருக்கிறது. அது போனஸைத் தொடாத பாலிசிகளும் நிறைய. உங்கள் பாலிசி தாளில் கண்ணாடி என்ற தலைப்பின் கீழ் இரண்டும் எழுதியிருக்கும். அவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் அதை எடுத்துப் படியுங்கள்.

கண்ணாடிக்குக் கிளெய்ம் மறுக்கப்பட்டால் நஷ்டம் 24,000. நாளைக்கு அதே என்3-ல் கார் நொறுங்கி, அப்போது மறுக்கப்பட்டால்? நீங்கள் கொடுத்த எண்களை வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை சுமார் 8,150 வரும். 36 மாதத்தில் கட்டியது கிட்டத்தட்ட 2,93,000. கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது தெரியுமா? 1,37,000 மட்டும். இன்னும் ஏறக்குறைய 3,43,000 நிற்கிறது, அதில் 1,44,000 பலூன். பாதிக் காலம் முடிந்தும் மூன்றில் ஒரு பங்குகூட அடையவில்லை. பலூன் வைத்தால் இப்படித்தான். கார் போனாலும் அந்த 3,43,000 உங்கள் பெயரில் நிற்கும். இடித்த வண்டிக்காரரின் சேதத்துக்கும் கணக்குத் தனியாக வரும்.

ஆகவே முதல் வேலையாக இன்சூரன்ஸுக்குப் போன் செய்து, வழக்கமாக ஓட்டுபவர் இன்னார் என்று மாற்றுங்கள். பிரீமியம் ஐந்நூறு அறுநூறு கூடினால் கூடட்டும், ஓட்டுகிறவர் கட்டட்டும். மாற்றியதற்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள். அப்புறம் கண்ணாடிக்குக் கிளெய்ம் போடுங்கள், யார் ஓட்டினார் என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறுக்கக்கூடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, நியாயமில்லை என்று தோன்றினால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் ஸ்கீமுக்குப் போகலாம். 2024 மார்ச்சிலிருந்து வங்கி, கடன், இன்சூரன்ஸ் புகார் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான், கட்டணம் கிடையாது. ஆனால் ஓட்டுபவர் பெயரைத் தவறாகக் கொடுத்திருக்கும் நிலையில் அங்கே ஜெயித்துவிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது சேவிங்ஸ் பாட். ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை முன்பே எடுக்க விடும் இரட்டைப் பானை முறை 2024 செப்டம்பரில் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான், அதிலும் பாதியில் பணம் கேட்பவர் கடிதம் எழுதியவர் அல்ல. வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பதை வருடத்துக்கு ஒரு முறை எடுத்தாக வேண்டும் என்று குடும்பங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். எடுக்கும் தொகை சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் டயர், பிரேக், கண்ணாடி மூன்றுக்கும் எடுப்பதை ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வருமானத்துக்கு மேல் கூடுதலாக வரும் ஒவ்வொரு ராண்டுக்கும் வரி 31 சதவீதம். கையில் 24,000 வர வேண்டுமென்றால் சுமார் 35,000 எடுக்க வேண்டும், ஃபண்டின் நிர்வாகக் கட்டணம் தனி. டீலரிடம் போவதானால் கிட்டத்தட்ட 67,000. உங்கள் பானையில் அவ்வளவு இருக்குமா என்பதே சந்தேகம். 18,000, 20,000, 35,000 மூன்றும் சேர்த்தால் 73,000. அதில் வரிக்குப் போவது மட்டும் 22,000-க்கு மேல். அந்த 73,000 உள்ளேயே இருந்து, விலைவாசிக்கு மேல் வருடம் 5 சதவீதம் வளர்ந்திருந்தால், உங்களுக்கு 65 ஆகும்போது இன்றைய மதிப்பில் 1,30,000 சொச்சம். வளர்ச்சிக்கு உத்தரவாதம் கிடையாது, ஆனால் கணக்கின் திசை மாறாது. டிசம்பரில் அவர் 24,000 திருப்பித் தந்தாலும் 35,000-ஐ உங்களால் பழையபடி அந்தப் பானைக்குள் போட முடியாது.

ஆகவே இந்த முறை எடுக்காதீர்கள். அடுத்த முறையும்.

அந்தப் பொட்டு விழுந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் படும்போது பெரும்பாலும் வெளித் தகடு மட்டும்தான் உடையும். சின்னப் பொட்டாக, ஓட்டுநரின் நேர்ப் பார்வையிலும் விளிம்பிலும் படாமல் இருந்தால், ரெசின் இறக்கி அன்றே சரிசெய்துவிடலாம். புதுக் கண்ணாடி விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு. மாற்றாமல் சரிசெய்தால் எக்ஸெஸே வாங்காத பாலிசிகளும் உண்டு. அப்படியே விட்டால் குளிர்ந்த காலையும், ஏசிக் காற்றும், குழிச்சாலைக் குலுக்கலும் சேர்ந்து இழுத்துக்கொண்டே போகும். ஓட்டுகிறவர் ஏன் வாரக்கணக்கில் விட்டார்? பில் தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. காரை ஒருவர் ஓட்டி, கையெழுத்தும் செலவும் இன்னொருவருடையதாக இருந்தால் யாரும் இப்படித்தான் இருப்பார்கள். டயரும் பிரேக்கும்கூட இந்த வழியாகத்தான் உங்களிடம் வந்திருக்கின்றன.

இப்போது விலைகள். 9,500-ஐ மறந்துவிடுங்கள். பின்னால் வருவதைப் பார்க்கும் உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் கார் இது. தானாகப் பிரேக் பிடிப்பதும் லேன் மாறினால் எச்சரிப்பதும் அந்தக் கேமரா பார்ப்பதை வைத்துத்தான். ஒரு டிகிரி பிசகினால் 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும்; பக்கத்து லேன் லாரியை உங்கள் லேனில் இருப்பதாக நினைக்க அது போதும். கண்ணாடியை மாற்றினால் காலிபரேஷன் செய்தே ஆக வேண்டும். சிலதை நிறுத்தி வைத்து இலக்குப் பலகை வைத்துச் செய்வார்கள், சிலதை ஓட்டிப் பார்த்துச் செய்வார்கள், சில கார்களுக்கு இரண்டும் வேண்டும். செய்ததற்கு அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

46,000-ம் தேவையில்லை. வெளியே மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று டீலர் சொல்லியிருந்தால், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் இருப்பதை நினைவுபடுத்துங்கள். வாரண்டி காலத்திலும் வெளியே வேலை பார்க்க வாகன உரிமையாளருக்கு இடம் உண்டு. வெளியே செய்த வேலையால் வந்த கோளாறுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம்.

ஆக, 24,000 கடைதான். ஆனால் அங்கே போகும் முன் காரின் கண்ணாடியில் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரித்த கம்பெனியின் பெயர், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், சத்தம் தடுக்கும் வகையானால் அதற்கான குறி, இதெல்லாம் அதில் இருக்கும். பழைய கண்ணாடி குப்பைக்குப் போன பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் வசதி காரில் இருந்தால், அதற்கென்று நடுப்படலம் ஆப்பு வடிவில் உள்ள கண்ணாடி வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் எண்கள் இரட்டையாகத் தெரியும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். மழை சென்சாரின் ஜெல் பட்டை புதிதா, ஓரத்தில் பெயிண்ட் கீறினால் பிரைமர் அடிப்பார்களா, பசை பிடித்து ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் அந்தக் கண்ணாடியில் முட்டித்தான் விரியும். பசை இறுகாமல் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கிளெய்ம் கிடைத்தால், உங்கள் கம்பெனி ஏற்கும் கடையா, காலிபரேஷன் செலவும் அதில் அடங்குமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

389 ராண்ட் பிளான் வேண்டாம். மூன்று வருடத்துக்கு 14,000 ராண்ட். உங்கள் காம்ப்ரஹென்சிவ் பாலிசி ஏற்கெனவே கண்ணாடிக்குப் பொறுப்பு ஏற்கிறது என்றால் அதே ஆபத்துக்கு இரண்டாவது பிரீமியம் எதற்கு? இப்போது ஓடியிருக்கிற விரிசலுக்கு அந்தப் பிளான் ஒரு காசும் தராது. பழைய சேதத்தை யாரும் ஏற்பதில்லை. மாதத் தொகை சின்னதாகத் தெரிகிற மாதிரி இப்படி ஒன்றன்பின் ஒன்றாக விற்கிறார்கள். போன் மறுபடி வந்தால் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் 24,000-ஐ யார் தருவது? ஓட்டுகிறவர். ஒரே தடவையில் முடியாவிட்டால், முடியும்வரை கார் நிற்கட்டும். விரிசலோடு ஓட்டினால் போலீஸ் நிறுத்தலாம், பார்வைக்குக் குறுக்கே இருந்தால் சாலையில் ஓடத் தகுதி என்ற ரோட்வொர்தி சான்றும் கிடைக்காது. பணம் புரட்டும் வேகம் கார் நின்றால் தானாக வரும். இதற்காக மாதம் 5 சதவீத வட்டிக்குக் கிடைக்கும் குறுகிய காலக் கடனைப் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கிறார்கள். நீங்களோ அவரோ அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் பலூன். 2029-ல் அந்த 1,44,000-ஐ யார் கட்டப் போகிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பார். அவருடைய கிரெடிட் ரெக்கார்ட் இப்போது சரியாகியிருந்தால், தன் பெயரில் புதுக் கடன் எடுத்து உங்கள் கடனை அடைக்கட்டும். வங்கியில் வெறும் பெயர் மாற்றம் என்று ஒன்று நடக்காது, கடன் புதிதாகத்தான் மதிப்பிடப்படும். அவருக்குக் கிடைக்காவிட்டால் விற்றுவிடுவதைப் பற்றிப் பேசுங்கள். வங்கியிடம் செட்டில்மெண்ட் தொகையை எழுத்தில் வாங்கி, மூன்று டீலர்களிடம் விலை கேளுங்கள். 3,20,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 23,000 துண்டு விழும். அது வலிக்கும். ஆனால் கண்ணாடிக்குப் போகிற தொகையில்தான் அது நிற்கிறது, அதோடு பலூனும் தீர்கிறது, இன்சூரன்ஸ் பயமும் தீர்கிறது. 2,50,000-க்கு மேற்பட்ட கடன் என்பதால் முன்கூட்டி அடைத்தால் மூன்று மாத வட்டிவரை, உங்கள் கணக்கில் ஏறக்குறைய 10,700, கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டால் அது இல்லை. ஆகவே விற்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே அறிவிப்பை அனுப்பி வையுங்கள்.

கணவர் முகம் முறிக்கத் தயங்குகிறார் என்றீர்கள். அண்ணன் தம்பிக்குள் அது கஷ்டம்தான். அதனால் அவரிடம் தம்பியைக் கண்டிக்கச் சொல்லாதீர்கள். மூன்று பேரும் உட்காருங்கள், மேலே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். "தம்பி, தவணையை நீங்க தவறாம கட்டுறீங்க, அதுக்கு நன்றி. ஆனா என் ஃபண்டுல இருந்து இனிமே எடுக்க மாட்டேன்" என்று நீங்களே சொல்லுங்கள். பழைய 38,000-ஐ மாதம் ஆயிரம் ராண்டாவது தரச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் பெரும்பகுதி வந்துவிடும். அந்தப் பேச்சுக்கு முன்பாகவே இன்சூரன்ஸ் போனைச் செய்துவிடுங்கள். அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை, பாலிசி உங்களுடையது.