வருத்தம் ஒன்றும் இல்லாதபோதே போங்கள்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களுக்கு, திருகோணமலையில் நெடுங்காலம் மிட்வைஃப்பாக வேலை செய்து ஓய்வுபெற்ற சகோதரி பதில் தருகிறார்.

எனக்கு 35 வயது. பப் டெஸ்ட் செய்ய வரச் சொல்லி எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வருகிறார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெட்கமாகவும் இருக்கிறது. கட்டாயம் போகவேண்டுமா?
– வாசகி, சாம்பல்தீவு

தங்கச்சி, வருத்தம் இல்லாதபடியால்தான் கூப்பிடுகிறார். பப் டெஸ்ட் என்பது கருப்பைக் கழுத்தின் கலங்களைத் துடைத்தெடுத்து, மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இந்தப் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி தொற்றி, கலங்கள் மெல்ல மாறி, புற்றாகப் பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும். அந்தக் காலம் முழுக்க நோவும் இருக்காது, இரத்தமும் படாது. அந்த மாற்றத்தை அப்போதே பிடித்துவிட்டால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். நம் நாட்டில் 35 வயதிலும் 45 வயதிலும் குறிப்பாக அழைப்பது இதற்காகத்தான். சுகவனிதையர் கிளினிக்கில் காசு இல்லாமலே செய்கிறார்கள். பிரஷரும் மார்பும் கூடப் பார்ப்பார்கள்.

வெட்கம் எனக்கு விளங்குகிறது. என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி குறையும். திரைக்குள் படுத்து, இடுப்புக்குக் கீழே துணியால் மூடிக்கொள்வீர்கள். ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்து, சின்ன மரத் தகட்டால் கருப்பைக் கழுத்தை ஒருமுறை சுற்றித் துடைத்து, அதைக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். அந்தத் தகட்டின் ஓரத்தில் உங்கள் இலக்கத்தைப் பென்சிலால்தான் எழுதுவோம். பேனை மை, தகட்டை ஊறவைக்கும் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பிறகு யாருடையது என்றே தெரியாது. எல்லாம் சில நிமிடம். நோவு இல்லை, ஒரு அசௌகரியம் இருக்கும். உடம்பை இறுக்காமல் மூச்சை மெதுவாக விடுங்கள்.

மாதவிடாய் நாளில் போகவேண்டாம். முந்திய இரண்டு நாளும் உறவைத் தவிருங்கள், உள்ளே மருந்து, கிறீம் எதுவும் வைக்காதீர்கள்.

எனக்கு 41 வயது. எச்.பி.வி. டெஸ்ட் செய்தேன், பொசிட்டிவ் என்று வந்தது. கணவர் பல வருடம் கட்டாரில் இருந்து வந்தவர். அவர் என்னைச் சந்தேகிக்கிறார், நான் அவரை. வீட்டில் சமையலே நடக்கவில்லை. இது யாரால் வந்தது?
– பெயர் வேண்டாம், கிண்ணியா

அன்பான சகோதரி, அந்தக் கேள்விக்கு எந்த ஆய்வுகூடத்தாலும் பதில் சொல்ல முடியாது. இந்த வைரஸ் வருடக்கணக்கில் உடம்பில் அடங்கிக் கிடந்து பிறகு தெரியவரலாம். நேற்று வந்ததா, கலியாணம் முடித்த புதிதில் வந்ததா என்று றிப்போட் காட்டாது. தாம்பத்திய வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு காலத்தில் இது தொற்றுகிறது. வாழ்நாளில் ஒரே துணை என்றாலும் தொற்றலாம். தயவுசெய்து இந்தத் தாளை வைத்து ஒருவரை ஒருவர் விசாரிக்காதீர்கள். இதையே அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பொசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொற்றை உடம்பே ஓரிரு வருடத்தில் துரத்திவிடும். போகாமல் தங்கிவிடுவதுதான் ஆபத்து, அதிலும் 16, 18 என்ற வகைகள். உலகில் வரும் கருப்பைக் கழுத்துப் புற்றில் ஏறக்குறைய 70 வீதம் அந்த இரண்டாலும்தான். சிகரெட், எச்.ஐ.வி., எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், இளவயதிலேயே தொடங்கிய உறவு, பல பிள்ளைப்பேறு, ஐந்து வருடத்துக்கு மேல் குடித்த கருத்தடை மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். மாத்திரையை இதற்காகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், முதலில் டொக்டரிடம் கதையுங்கள். ஆணுறை பாதுகாப்பைக் கூட்டும், முழுதாகத் தடுக்காது.

இப்போது செய்யவேண்டியது: அந்த றிப்போட்டோடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். பப் டெஸ்ட் எடுக்கலாம், அல்லது கொல்போஸ்கோப்பி செய்யச் சொல்லலாம். கொல்போஸ்கோப்பி என்றால், வினாகிரி போன்ற திரவத்தைத் தடவி, உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது. மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும், தேவையென்றால் கடுகளவு சதை எடுப்பார்கள். புற்றுக்கு முந்திய மாற்றம் என்றால் அந்த இடத்தை மட்டும் அகற்றினால் பெரும்பாலும் போதும், கருப்பை அப்படியே இருக்கும். சந்தேகத்தால் தள்ளிப்போடும் மாதங்கள்தான் எனக்குக் கவலை.

மகள் ஆறாம் வகுப்பு. பாடசாலையில் எச்.பி.வி. ஊசி போட ஒப்பம் கேட்கிறார்கள். பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
– தாய், நிலாவெளி

ஒப்பம் வையுங்கள். இந்த ஊசியால் மலடாவதில்லை. கிருமி உடம்பைத் தொடுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயதில். இலங்கையில் 2017 முதல் தேசியத் திட்டத்தில் இருக்கிறது. கை நோகலாம், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஊசி போட்ட பிள்ளைக்கும் 35 வயதில் சோதனை வேண்டும், ஏனென்றால் எல்லா வகைக்கும் அது காப்பு இல்லை.

அம்மாவுக்கு 60 வயது. தீட்டு நின்று பத்து வருடம். இப்போது இடைக்கிடை இரத்தக் கறை படுகிறது. பப் டெஸ்டுக்குக் கூட்டிப் போகவா?
– மகள், மூதூர்

இல்லை மகள், பப் டெஸ்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது குணங்குறி இல்லாதவர்களுக்கு. தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், நோவே இல்லாவிட்டாலும், இந்தக் கிழமைக்குள் டொக்டர் பார்க்கவேண்டும். உறவுக்குப் பிறகு இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைபடுதல் என்றாலும் இதே பதில்தான். எப்போது தொடங்கியது, எத்தனை தடவை பட்டது, அம்மா குடிக்கும் மருந்துகள் என்ன என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கூடவே போங்கள். அவராக இதைச் சொல்லக் கூச்சப்படுவார்.