பொருளாதாரத்தைச் சித்திரக்கதையாகச் சொன்னால் புரியுமா?

பொருளாதாரத்தைச் சித்திரக்கதையில் சொன்னால் பொது வாசகருக்கு உண்மையிலேயே புரியுமா, புரிந்ததுபோன்ற மயக்கம் மட்டும்தான் மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூல் வரைபடங்களோடு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகு காமிக்ஸ் வழியாக இத்துறைக்குள் நுழைந்தவன் என்ற முறையில், புரியும் என்றே சொல்வேன். படங்களின் அழகைவிட, கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதே அதற்குக் காரணம்.

வட்டி விகிதம் ஏறினால் பழைய கடன்பத்திரங்களின் விலை இறங்கும் என்ற வாக்கியம் பலமுறை படித்தும் என் மனத்தில் நிற்கவில்லை. அதையே கட்டங்களாக்கிப் பாருங்கள்: முதல் கட்டத்தில் ஒருவர் 100 கொடுத்து, ஆண்டுக்கு 5 வட்டி தரும் பத்திரத்தை வாங்குகிறார், அடுத்ததில் அதே 100-க்கு 8 தரும் புதிய பத்திரம் சந்தைக்கு வருகிறது, மூன்றாவதில் அவர் தம் பத்திரத்தை விற்க முயல, எதிரே நிற்பவர் "இதற்கு நான் ஏன் 100 தர வேண்டும்?" என்று கேட்கிறார். விலையைக் குறைத்தால்தான் விற்க முடியும் என்பதை நான்காவது கட்டம் வருவதற்குள் வாசகரே கண்டுகொள்வார். தேவையும் அளிப்பும் வெட்டிக்கொள்ளும் கோடுகளில் இந்தக் காலவரிசை மறைந்துபோகிறது; யார் முதலில் அசைந்தார்கள், அதைக் கண்டு யார் விலையை மாற்றினார்கள் என்பது அங்கே தெரிவதில்லை.

இம்முயற்சி புதியதன்று. வியன்னாவில் 1925-இல் இயங்கத் தொடங்கிய சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தை நடத்திய ஓட்டோ நொய்ராத், அதிகம் படிக்காதவர்களும் புள்ளிவிவரங்களை அறிய வேண்டும் என்று உழைத்தவர். அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே படத்தைக் கூடுதலாக அடுக்க வேண்டும் என்பது அவர் பின்பற்றிய விதி. தொகை இரு மடங்கானதைக் காட்ட நாணயப் படத்தின் விட்டத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, கண் ஏமாந்துவிடும். (இன்றைய நாளிதழ்களிலும் இப்பிழையைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.) அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் அங்கமான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியும் பணத்தைப் பற்றிக் காமிக்ஸ் வெளியிட்டிருக்கிறது.

ஆனால் பணவீக்கத்தைக் கொம்பு முளைத்த அரக்கனாக வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. அரக்கனை வீழ்த்தினால் பழைய விலைகள் திரும்பிவிடும் என்று வாசகர் நம்பிவிடுவார். பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறையும்போதும் விலைகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன; ஏறும் வேகம் மட்டுமே தணிகிறது. நீங்கள் வரைவதானால், படிக்கட்டில் ஏறும் ஒருவரை வரையுங்கள். போகப்போகப் படிகளின் உயரம் குறையட்டும். அவர் இன்னும் கீழே இறங்கவில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.