ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே

வணக்கம் சார்,

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டன் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதினேன். லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் 6. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய அதில் 6.5 வேண்டும். மறுபடி எழுதியும் அதே 6. நைட் டியூட்டி முடிந்து நேராக கோச்சிங் போகிறேன். அங்கே கொடுத்த 40 மாதிரிக் கட்டுரைகளும் மனப்பாடம். வார்டில் ஒரு நோயாளிக்கு எட்டுப் பேர் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அவர்களை வெளியே அனுப்பவே பாதி ஷிஃப்ட் போய்விடுகிறது, படிக்க நேரமே இல்லை. எந்தப் புத்தகம் படித்தால் அந்த அரை மார்க் ஏறும்? மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கு மாறிவிடலாமா? வீட்டில் முகம் கொடுத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

கூச்சத்தை முதலில் விடுங்கள். ஐஇஎல்டிஎஸ் நடத்தும் கூட்டணியில் கேம்பிரிட்ஜும் உண்டு. அவர்கள் 1913-ல் பிறமொழிக்காரர்களுக்கென்று உயர்நிலை ஆங்கிலத் தேர்வு ஒன்றைத் தொடங்கினார்கள். மொத்தம் 12 மணி நேரம். கட்டுரை, இலக்கணம், ஒலியியல், பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழிபெயர்ப்பு, போதாததற்கு வாய்மொழித் தேர்வு. எழுதியவர்கள் மூன்றே பேர். மூவரும் ஃபெயில். நீங்கள் நான்கில் மூன்றைத் தாண்டியிருக்கிறீர்கள், அதுவும் தூங்காத கண்ணோடு. வீட்டில் யாராவது முகம் சுளித்தால் அவர்களை ஒரு கட்டுரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓஇடி பற்றி அதை எழுதி அங்கே போன உங்கள் தோழிகளைக் கேளுங்கள். ரைட்டிங்கில், நோயாளியைப் பற்றிய கேஸ் நோட்ஸைப் பார்த்துக் கடிதம் எழுதுவது அது. அதற்கும் மாதிரிக் கடிதங்களை உருப்போடுவதாக இருந்தால் மாறியும் பயனில்லை. புத்தகம் எதையும் நான் சொல்லப்போவதில்லை.

எனக்குக் கோபம் அந்த 40 கட்டுரைகள் மேல்தான். ரைட்டிங்குக்கு ஒரு மணி நேரம். கட்டுரை கேட்கும் இரண்டாவது கேள்விக்குக் குறைந்தது 250 சொற்கள். முதல் கேள்வியைப் போல இரு மடங்கு மதிப்பு அதற்கு. திருத்துகிறவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார். சொல்வளம், இலக்கணம், கருத்துகளின் கோர்வை எல்லாம் உண்டு. ஆனால் பட்டியலில் முதலில் நிற்பது, கேட்டதற்குப் பதில் சொன்னாயா, உன் நிலைப்பாடு என்ன என்பது. நீங்களோ ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று ஆரம்பித்து, சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்கிறார்கள், இரண்டிலும் நன்மை தீமை உண்டு என்று முடித்துவிட்டு வருகிறீர்கள். அப்படித்தானே? இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அந்த வரியை இன்னும் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாதா?

உங்களை மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலேயே நம்மை இப்படிப் பழக்கிவிட்டார்கள். நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் முழு மார்க், சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் சிவப்பு மையில் சுழி. பதினேழு வயது வரை ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று யாரும் கேட்காத பிள்ளையிடம், வெளிநாட்டுக்காரன் பெரிய தொகையைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு முதன்முதலாக அதைக் கேட்கிறான். பிள்ளை முழிக்கிறது. ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி சொற்பட்டியலை எடுக்கிறது.

எங்கள் விடுதிப் பள்ளியில் ஆங்கில வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா போடுவது சரியா, தவறா, எழுது’ என்றார். வகுப்பே பொங்கிவிட்டது. அதுவரை அரைப் பக்கத்துக்கு மேல் ஆங்கிலம் எழுதாதவன் எல்லாம் கூடுதல் தாள் கேட்டான். காலம், வினை எல்லாம் தாறுமாறு. ஆனால் ஒவ்வொருவனும் காரணம் சொன்னான், உதாரணம் சொன்னான். என் பக்கத்து பெஞ்சுக்காரன், வார்டனுக்கு மட்டும் தோசை போவதை ஆதாரத்தோடு எழுதியிருந்தான்! வாத்தியார் அந்த வாரம் முழுக்க அந்தத் தாள்களை வைத்துத்தான் இலக்கணம் நடத்தினார். நாங்கள் சொல்ல நினைத்தது சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில் இலக்கணமும் உள்ளே இறங்கியது. உப்புமா என்னவோ நிற்கவில்லை.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் உயிரோடு இருந்தது அந்தப் பிரியாணிப் பொட்டல வரி ஒன்றுதான். புலம்பலாகப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பார்வையாளர்களைக் கட்டுப்படுத்த வேண்டுமா, கூடாதா? தொற்று பரவும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் ராத்திரி முழுக்க நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பவர் என்பதும் தெரியும். இந்தச் சிக்கலைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதியான ஆள் யார்? தினமும் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஹேண்ட்ஓவர் கொடுக்கிறீர்களே, அங்கே ‘சிலர் சொல்கிறார்கள் நோயாளிக்குக் காய்ச்சல் என்று’ என்றா ஆரம்பிப்பீர்கள்? முக்கியமானதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு காரணம், பிறகு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று போகத் தெரிகிறதே.

அடுத்த ஓய்வு நாளில் நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் உட்கார்ந்து, 40 நிமிடத்தில், அந்த எட்டுப் பேரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இலக்கணத்தைக் கோச்சிங்கில் திருத்திக்கொள்ளுங்கள், நான் தொடமாட்டேன். ‘மாடர்ன் எரா’ என்று ஆரம்பித்திருந்தால் படிக்காமல் திருப்பி அனுப்புவேன்.